செவ்வாய் வெறுவாய்

மானத்தின் விலை மூவாயிரம் ரூபாய், வரி தனி. பொள்ளாச்சித் தாழ் மையத்தின் கவுண்டரில் அதைப் பலகையிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். இவ்வளவு பச்சையாக அல்ல. ‘பொது வரிசை இலவசம், தனி அறையில் காத்திருக்கக் கட்டணம் மூவாயிரம்’ என்று நாகரிகமாக. நாலு பேர் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பதற்கு அது விலை. மாட்டுத் தரகன் ரோசன் பலகையை ஒரு தரம் படித்தான், கவுண்டரில் இருந்த பெண்ணை ஒரு தரம் பார்த்தான், பழக்கதோஷத்தில் பேரத்தை ஆரம்பித்தான்.

“மூவாயிரம் நெம்பச் சாஸ்திங் அம்மணி. ஆயிரத்தைந்நூறுன்னு முடிச்சுக்கலாங்களா?”

“அண்ணா, இது ஆஸ்பத்திரி.”

“அதனாலதானுங் கேக்கறேன். சந்தையா இருந்தா இந்நேரம் பேரம் படிஞ்சு கயித்தையே மாத்தியிருப்பீங்க. மூவாயிரங்கறது ஒரு ஆளுக்கா?”

“ஜோடிக்குங்ணா.”

“அப்பப் பாதி வெலைதானுங்களே நாயம். ஜோடி இன்னிக்கோட முடியுதில்ல?”

நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னான். கவுண்டர்ப் பெண் சிரிக்கவில்லை. அவனுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்த அவன் மனைவி வெண்பா, தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரோசன் ஒரு எண் இடைவிட்டுக் கொடுத்த டோக்கன் இரண்டை வாங்கிக்கொண்டு பொது வரிசைக்குப் போனான். மூவாயிரம் மிச்சம், மானம் செலவு. சந்தையில் அதற்கு ஒரு சொல் உண்டு: கழுதையை விற்றுக் கயிறு வாங்கினது.

அவனுக்கு அப்பா ஆசையாக வைத்த பேர் ரோஷன். சந்தைக்காரர்கள் வாயில் அது ரோசன் ஆயிற்று. ரோசம் உள்ளவன் என்று அதற்குப் பொருளும் கற்பித்துக்கொண்டார்கள். பொருளில் தப்பில்லை. பதினாறு வயதில் தரகனாகத் தோளில் துண்டு போட்டவன், இப்போது முப்பத்தொன்பது. பல்லைப் பார்த்து வயதும், சுழியைப் பார்த்து ராசியும், தோல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் மாட்டுக்கு எங்கே நோவு என்பதும் சொல்லிவிடுவான். இன்று செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். சந்தை நாளில் தரகன் சந்தைக்கு வரவில்லை என்றால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தம். காலையிலிருந்து ஏழு பேர் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறானா என்று விசாரித்துவிட்டார்கள். ஏழு பேரிடமும் பல்வலி என்று சொன்னான்.

நீளமான எவர்சில்வர் பெஞ்சு. இந்தக் கோடியில் ரோசன், அந்தக் கோடியில் வெண்பா, நடுவில் அவளுடைய பை. பைக்குள் மனமொத்த பிரிவுக்கான கோர்ட்டுப் பத்திரம் இருந்தது. அதில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ‘தாழ் பிரித்த சான்று’ என்ற ஒரு கட்டம்தான் பாக்கி.

தாழ் என்பது ஒரு அரிசி மணி அளவு. கல்யாணம் பதிகிற அன்றைக்கே வைத்துவிடுவார்கள், இடது கையில், முழங்கைக்கு மேலே, உள்பக்கம், தோலுக்கு அடியில். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, ஜோடியாக. வைத்த நாளிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு உடம்பும் பூட்டு. பிள்ளை வேண்டும் என்றால் மாதத்துக்கு ஒருமுறை, பத்து எண்ணும்வரை அந்த மணியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே தேதியில் அமுக்கினால் மட்டும் திறக்கும். திறந்தால் மறுநாள் முழுக்க இரண்டு பேர் கையிலும் இளஞ்சூடு பரவும். ஒருவர் மட்டும் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. மற்றவருக்குச் சேதியும் போகாது. யார் அமுக்கினார்கள், யார் அமுக்கவில்லை என்று மாமியார் அல்ல, கலெக்டர் வந்து கேட்டாலும் வாய் திறக்காது. அதன் பெருமையே அதுதான்.

நல்ல சரக்குதான், குறை சொல்ல முடியாது. தாழ் வந்து பத்து வருஷத்தில் ஊரில் ‘மலடி’ என்கிற சொல் செத்துப்போனது. யார் மனசால் பிள்ளை இல்லை என்று யாருக்கும் தெரியாதபோது யாரைப் பார்த்துச் சொல்வது? மருமகளை அடித்துப் பிள்ளை பெற வைக்கவும் முடியாது, குடித்துவிட்டு வந்தவனுக்கு வருஷத்துக்கு ஒன்றாகப் பெற்றுப்போடவும் வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்றும் செத்தது. அதற்கு யாரும் பந்தல் போடவில்லை. முன்பெல்லாம் புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். மாத்திரை போட்டாயா, அது வாங்கி வந்தீர்களா, இன்றைக்கு நாள் சரியா, இப்போது வேண்டுமா என்று. வெட்கங்கெட்ட கேள்விகள்தான். ஆனாலும் கேள்விகள். தாழ் வந்தபின் கேட்கிற வேலையை மணி எடுத்துக்கொண்டது. வாய்க்கு விடுமுறை.

வெண்பா உடுமலைக்காரி. அவள் அப்பாவும் மாட்டு வியாபாரி. குழந்தையில் அவர் மடியில் உட்கார்ந்தே துண்டுப் பேச்சு படித்துவிட்டாள். துண்டுப் பேச்சு என்றால், தரகர் இருவர் கையைச் சேர்த்து மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது. முழு விரலைப் பிடித்தால் பத்து, விரல் நுனியைப் பிடித்தால் ஒன்று. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இன்றைக்குச் சந்தைக்கு மேலே நாலு டிரோன் பறந்து ஒவ்வொரு மாட்டின் எடையையும் காய்ச்சலையும் சினையையும் சொல்லிவிடுகிறது. விலையை மட்டும் சொல்ல முடியவில்லை, அது துண்டுக்கு அடியில் இருக்கிறது.

அவர்கள் கல்யாணத்தில் கைகளைக் கோத்து மேலே பட்டுத்துணி போர்த்தியபோது, மந்திரம் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்க, ரோசன் அவள் விரல் நுனி மூன்றைப் பிடித்தான். மூன்று பிள்ளை. அவள் குனிந்த தலை நிமிராமல் ஒரே ஒரு நுனியைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள். இவன் இரண்டு என்று இறங்கினான். அவள் அதே ஒன்றில் நின்றாள். அப்புறம் சிரிப்பு வந்து துணி குலுங்கிவிட்டது. ‘புள்ளைக்குக் குளுரு’ என்று யாரோ ஒரு அத்தை சொன்னாள்.

முதல் மூன்று வருஷம் திறப்பதில்லை, தொழில் நிலைக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு?

“மாசத்துல மொதச் செவ்வா” என்றான் அவன்.

“செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. அன்னிக்குத் தொட்டது வெளங்காதுங்க” என்றாள்.

“சந்தைக்காரனுக்குச் செவ்வாதான் புள்ள லட்சுமி. அன்னிக்குத்தான் என்ற கையில ராசி.”

சரி என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுபடி அதை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

மூன்றாம் வருஷம் முடிகிற சமயத்தில் ஒரு நாள், இருட்டில், அவள் பல்லைக் கடித்துக்கொண்டதை அவன் உணர்ந்தான். தோலின் சிலிர்ப்பைப் படிக்கிறவன் ஆயிற்றே. உடம்பு முழுக்க விறைத்து, அவன் விலகியதும் தளர்ந்தது. பிடிக்கவில்லை என்று படித்துக்கொண்டான். அடுத்த தடவை அவன் உடம்பு அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த தடவையும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை அவன் இரண்டு மடங்காகக் கேட்டான். ‘உள்ள வேர்க்குது’ என்று கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டான். அது மார்கழி மாதம்.

சந்தையில் மைக் வைத்து லேகியம் விற்கிறவனிடம் வாங்கலாம் என்றால், அவனுக்கு இவனைத் தெரியும். இவனுக்கு வாங்குகிற கூட்டத்தையே தெரியும். பாலக்காடு போய் வாங்கி வந்தான். தலைவலிதான் வந்தது.

ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாயன்று, சந்தை முடிந்து, கேரளத்து லாரிகளை ஏற்றிவிட்டு, ஊர் அடங்கி வீடு வந்து வாசல் கட்டிலில் உட்கார்ந்து கையை அமுக்கினான். பத்து எண்ணினான். நான் இருக்கிறேன், எனக்கு வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லாதே. வாயில் வராததையெல்லாம் கட்டைவிரலில் வைத்து அமுக்கினான். அவளும் அமுக்கியிருந்தால் விடிந்ததும் கை சுடும். அந்தச் சூடு ஒன்று கிடைத்தால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவான். விடிந்து, பல் விளக்கும்போது, கட்டுத்தறியில் நிற்கும்போது, டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைப் பிடிக்கும்போது எல்லாம் மேல்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். டீ சுட்டது. கை சுடவில்லை.

அப்படியே மூன்றரை வருஷம் போயிற்று. போன வருஷம் ஆடியில் வெண்பா உடுமலைக்கு அப்பா வீட்டுக்குப் போனாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்றும் கேட்கவில்லை. தரகின் முதல் பாடம்: முதலில் விலை சொன்னவன் தோற்றான். அவள் அப்பாவும் அதே பாடத்தைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“டோக்கன் அறுபத்தி மூணு!”

ரோசன் உள்ளே போனான்.

டாக்டர் ரெபேக்கா நாகர்கோவில் பக்கம். ஐம்பது வயது, வேகமான கை. மரக்க வைக்கும் ஊசி போட்டு, ஊசி வேலை செய்கிறவரைக்கும் கேள்வி கேட்டார்.

“சுகர் இருக்கா?”

“சீனி இல்லாத வூடு எதுங்க?”

“உடம்புல.”

“அதுலயும் இருக்குதுங்க. அஞ்சு வருசமா மாத்திரை.”

“உறவுல ஏதாவது சிரமம் இருந்துச்சா?”

ரோசன் எதிர்ச் சுவரில் இருந்த கருப்பைப் படத்தைப் பார்த்தான். இரண்டு பக்கமும் கொம்பு விரித்த காங்கேயம் காளையின் தலை மாதிரியே இருந்தது. “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்.”

“எழுச்சியே வரலையா, வந்து நிக்கலையா?”

“டாக்டரம்மா மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருந்தா நெம்ப நல்லா வந்திருப்பீங்க.”

“அங்கதான் ஆசைப்பட்டேன், சீட்டு கிடைக்கல. சொல்லுங்க, ரெண்டுல எது?”

“...ரெண்டாவதுங்.”

“சர்க்கரை பாதி, பயம் பாதி” என்றார் டாக்டர், சந்தை நிலவரம் சொல்கிற குரலில். “ஒருதரம் நடக்கலைன்னா மறுதரம் மனசு வேலையைப் பார்க்காது, நடக்குதா நடக்குதான்னு தன்னையே வேவு பார்க்கும்.”

“மெரண்ட மாடு பாலை அடக்கிக்குமுங்.”

“அதேதான். பொம்பளைக்கும் அப்படித்தான். ஒருதரம் வலிச்சிருந்தா, மறுதரம் தொடுறதுக்கு முந்தியே உடம்பு இறுகிக்கும். இறுகினா இன்னும் வலிக்கும். அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்க இறுகுறதைப் பார்த்து இவருக்கு ஓடாது, இவரும் சொல்ல மாட்டார். எங்கிட்ட வர்ற பத்து ஜோடியில நாலு இந்த ரகம். எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. ஜெல் இருக்கு, பயிற்சி இருக்கு, மாத்திரை இருக்கு. ஆனா வந்து சொன்னாத்தானே?”

ரோசன் கொம்பு விரித்த படத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

“பல்லக் கடிக்கிறது... வலியாலயும் இருக்குமாங்க?”

“பின்னே எதனால கடிப்பாங்க?”

கை மரத்துவிட்டது. ஒரு கீறல், ஒரு இடுக்கி. அரிசி மணி எவர்சில்வர் தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது. ஏழரை வருஷத்துக்கு அவ்வளவுதான் சத்தம்.

“அந்தக் காலத்துல சுமையெல்லாம் பொம்பளை தலையில” என்று தைத்துக்கொண்டே பேசினார் டாக்டர். “மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆபரேஷன். ஆம்பளை பங்குக்கு ஒரு ஆணுறை. அதுவும் பர்ஸுக்குள்ளயே இருந்து காலாவதி ஆகும். அதை நேர் பண்ணத்தான் இந்த மணி வந்துச்சு. நல்லதுதான் செஞ்சுச்சு. இந்தாங்க.” ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். “ஆணுறை. தாழ் எடுத்தவங்களுக்கு இலவசம். இனி உங்களுக்குப் பூட்டு இல்ல.”

“எனக்கெதுக்குங் இது? பந்தியே இல்ல, எலை மட்டும் குடுக்கறீங்க.”

“விதி. வாங்கிக்குங்க. இது உங்க பதிவு.” இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. “நீங்க அமுக்கின நாளெல்லாம் இதுல இருக்கும். உங்களோடது மட்டும்.”

நாற்பத்தொரு வரி. ரோசன் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். ஓட்டிய விரல் நின்றது.

“டாக்டரம்மா, உங்க மிசினு கெட்டுப்போச்சுங். எல்லாம் புதன்கெழமைன்னு போட்டிருக்குது. நான் அமுக்குனதெல்லாம் செவ்வா.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். “மணியைப் பாருங்க. பன்னெண்டு நாப்பது. பன்னெண்டு ஐம்பத்தஞ்சு. ஒண்ணு பத்து. பன்னெண்டு தாண்டிட்டா புதன்தானே?”

“அதெப்படிங்? பொழுது விடிஞ்சாத்தானுங்களே மறுநாளு?”

“உங்களுக்கு விடிஞ்சா மறுநாள். மெஷினுக்கு நடுராத்திரி.”

ரோசன் சீட்டை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“அவளோட சீட்டை ஒருக்காப் பாக்கலாமுங்களா? என்ன வெலைன்னாலும் குடுத்தர்றேன்.”

“அதுக்கு விலை கிடையாதுங்க.”

“வெலையில்லாத பொருளு கெடையாதுங்க டாக்டரம்மா. நீங்க சொல்லுங்க, நான் பேரமே பேசல.” வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த வாக்கியத்தைச் சொன்னான்.

“அவங்க பதிவு அவங்களுக்குத்தான். யாரு அமுக்கலைன்னு வெளிய தெரிஞ்சா எத்தனை வீட்டுல அடி விழும்னு உங்களுக்குத் தெரியாது. வேணும்னா அவங்களையே கேளுங்க. வெளியதானே உக்காந்திருக்காங்க?”

வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இப்போது கூட்டம். தாழ் வைத்துக்கொள்ள வந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்று இந்தக் கோடியை முழுசாகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்துச் சிரித்தது. எதிர் வரிசையில் எட்டுப் பேர், பதினாறு காது. ரோசன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், வெண்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து. அவள் அதே தேங்காயெண்ணெய்தான் வைத்திருந்தாள்.

கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. மூவாயிரம் கொடுத்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் கதவைச் சாத்திய வீட்டிலும் மூன்றரை வருஷம் கேட்கவில்லையே. அவள் டோக்கன் அறுபத்தைந்து. அறுபத்து நாலு உள்ளே போய்விட்டது.

தோளிலிருந்து துண்டை எடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் இருந்த அவள் கையின் மேல் போட்டான். துண்டுக்கு அடியில் தன் கையை விட்டான்.

வெண்பா திடுக்கிட்டுக் கையை இழுத்தாள். “ஏனுங்க, என்ன இது? ஆளுக பாக்கறாங்க.”

“பாக்கட்டும். வெலைதான் பேசறேன்.”

“எதுக்கு வெலை?”

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்து, நாலு விரலை முழுசாகச் சேர்த்துப் பிடித்தான். விட்டான். ஒரு விரலின் நுனியைப் பிடித்தான். நாற்பத்தொன்று.

அவள் புருவம் சுருங்கியது. எந்த மாட்டுக்கு இந்த விலை? அவன் அவள் கட்டைவிரலைப் பிடித்து, தன் மேல்கையில் புதிதாகப் போட்ட பிளாஸ்திரியின் மேல் வைத்து, மெதுவாக அமுக்கினான். மனசுக்குள் பத்து எண்ணுகிற நேரம்.

வெண்பாவின் கை திரும்பத் துண்டுக்கு அடியில் விழுந்து செத்த மீன் மாதிரிக் கிடந்தது. முடிந்தது என்று நினைத்தான். பேரம் படியவில்லை என்றால் தரகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட வேண்டும். போவதற்கு அடுத்த மாடு இல்லை. துண்டின் நுனியைப் பிடித்தான்.

அப்போது அவள் அவன் விரலைப் பிடித்தாள். நாலு விரலும் சேர்த்து, முழுசாக, நகம் பதிகிற மாதிரி. பிறகு நுனி ஒன்று. நுனி இரண்டு. நுனி மூன்று.

“சீட்டு இன்னும் வரலியே, எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

“எனக்கெதுக்குச் சீட்டு? எண்ணி வெச்சிருக்கறேன்” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடியே. “மாசத்துல மொதச் செவ்வா. வெளக்குப் பத்த வெச்சதும். அன்னிக்கு ராவு முழுக்கக் கையத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். நீங்க வாசல்லயே படுத்திருப்பீங்க.”

ரோசன் சீட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தான். மணி எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினான். அவள் படித்தாள். வியாபாரி மகள், விளக்கம் தேவைப்படவில்லை. பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்று பத்து. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மணிக்கு ஒரு விரல், இந்தப் பக்கம் பன்னிரண்டு தாண்டி ஒரு விரல். நடுவில் யாரோ எங்கேயோ கிழித்த ஒரு தேதிக்கோடு.

பக்கத்தில் புது மாப்பிள்ளை ஏதோ சொல்ல, புதுப்பெண் அவன் தொடையில் அடித்துச் சிரித்தாள்.

“மீதி ரெண்டு?” என்றாள் வெண்பா.

“என்ன ரெண்டு?”

“எனக்கு நாப்பத்தி மூணு. உங்களுக்கு நாப்பத்தொண்ணு. ரெண்டு செவ்வா எங்க போனீங்க?”

“ஒண்ணு, வாளையாறுல லாரி கவுந்துச்சில்ல, அன்னிக்குப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன்.”

“இன்னொண்ணு?”

துண்டைப் பார்த்தான். “ரோசம்.”

அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்து போன தடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

“டோக்கன் அறுபத்தஞ்சு!”

வெண்பா எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். துண்டுப் பேச்சில் எண்ணுக்கு விரல் உண்டு, வேறு எதற்கும் விரல் கிடையாது. எதிர் வரிசையில் எட்டுப் பேர் பார்க்க, குனிந்து, சந்தையில் யாரும் செய்யாததைச் செய்தாள். முதலில் சொன்னாள்.

“எனக்கு வலிச்சுதுங்க. உங்களப் புடிக்காம இல்ல. வலிச்சுது. சொன்னா விட்டுருவீங்களோன்னு சொல்லல.”

“நான்...” என்றான் ரோசன். தொண்டையைச் செருமினான். பத்தாயிரம் மாட்டுக்கு விலை பேசிய தொண்டை. “எனக்கு முடியலீன்னு... முடியாதவன்னு நெனைப்பியோன்னு...”

“உள்ள வேர்க்குதுன்னு மார்கழியில கட்டல வாசல்ல போட்டீங்க.”

“ஆமா.”

“நான் நம்பிட்டேன்னா நெனச்சீங்க?”

சிஸ்டர் கதவைத் திறந்து மறுபடி கூப்பிட்டாள். வெண்பா அவன் மடியிலிருந்த தன் பையை எடுக்கவில்லை.

“போய் எடுத்துட்டே வந்தர்றேன்” என்றாள். “உங்களது எடுத்தாச்சு. இது ஒண்ணு மட்டும் இருந்து ஆருக்காச்சு? இனி சூடும் வராது, ஒண்ணும் வராது. எதா இருந்தாலும் வாயில கேக்கோணும். கேப்பீங்களா?”

அவன் பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பதில் சொல்வதற்குள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இன்னும் அரை மணி கொடுத்திருந்தாலும் சொல்லியிருப்பானோ என்னவோ.

பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் துண்டு கிடந்தது. அதன்மேல் கையை வைத்தான். உள்ளே மிச்சமிருந்த வெதுவெதுப்பு அவனுடையதா அவளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றரை வருஷம் இதற்காகத்தான் மேல்கையைத் தொட்டுக்கொண்டிருந்தான். மடியில் பை கனத்தது. உள்ளே பத்திரம், ஒரு கட்டம் மட்டும் காலியாக. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தக் கட்டத்துக்கும் சீல் கிடைத்துவிடும். வெளியே வருகிறவள் கோர்ட்டுக்குப் போகலாம் என்பாளா, வேறு எங்காவது என்பாளா? அவள் சொல்ல மாட்டாள். அவள் முறை முடிந்தது. ஒரு பேரத்தில் ஒரே ஆள் இரண்டு தடவை முதல் விலை சொல்வதில்லை.

“வெண்பா, வூட்டுக்குப் போலாமா” என்று ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. மாடு ஓட்டுகிற குரலாக இருந்தது.

“வூட்டுக்குப் போலாமா புள்ள” என்றான் இன்னொரு தரம்.

புது மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்தித் திரும்பினான். “அண்ணா, என்னயக் கேட்டீங்களா?”

“இல்லீங் தம்பி. வெலை சொல்லிப் பழகறேன்.” கொஞ்சம் யோசித்தான். “நீங்க உள்ள போறதுக்கு மிந்தி ஒண்ணு கேட்டுக்கங்க. அந்த மிசினுக்கு நாளு ராத்திரி பன்னெண்டுக்குப் பொறக்குது. விடிஞ்சு இல்ல.”

“சரிங்ணா” என்றான் மாப்பிள்ளை, ஒன்றும் புரியாமல். பிறகு மனைவி காதில் ஏதோ சொல்லி இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

ரோசன் சட்டைப் பையிலிருந்து, மாட்டு எண் குறிக்கிற பென்சில் துண்டை எடுத்தான். சீட்டைத் திருப்பி முழங்காலில் வைத்து எழுதினான். கடிகாரத்தில் மணி ஒன்று. நடுராத்திரிக்கு இன்னும் பதினொரு மணி நேரம் இருந்தது. கதவு திறக்கவில்லை.

வெண்பா வரவு: நாற்பத்து மூன்று.

ரோசன் வரவு: நாற்பத்தொன்று.

மிசின் கணக்கில் சேர்ந்தது: ஒன்றுமில்லை.

பாக்கி: ரெண்டு செவ்வாய், ரோசன் பேரில்.

கீழே ‘இன்னிக்கு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேல் எதுவும் எழுதாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.